பிரிட்டன் டு ஆஸ்திரேலியா: விசா ஈஸி, பென்ஷன்தான் சிக்கல்! குடியேறுபவர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ஒரே மன்னர், ஒரே மொழி. ரோட்டில் இடதுபக்கம்தான் வண்டி ஓடும். டிவியைப் போட்டால் ஆஷஸ் கிரிக்கெட். பிரிட்டனில் இருந்து கிளம்பும் ஒருவருக்கு ஆஸ்திரேலியாவைவிடப் பழகிய வெளிநாடு கிடைப்பது கஷ்டம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்களில் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கே முதலிடம். 9 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். அடுத்த இடம் இந்தியாவுக்கு.

ஆனால், எல்லாமே ஒன்றுபோலத் தெரிவதுதான் இங்கே சிக்கலே. ‘அங்கே மாதிரிதானே இங்கேயும் இருக்கும்’ என்று முதல் சில மாதங்களில் கவனிக்காமல் விடும் விஷயங்கள், முப்பது வருஷம் கழித்து ஓய்வுக்காலத்தில் வந்து நிற்கின்றன. எப்படி? பார்ப்போம்.

போவது இவ்வளவு சுலபமானது எப்படி?

இது புதுக் கதை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையில் தவித்த ஆஸ்திரேலியா, பிரிட்டனில் இருந்து வரும் பெரியவர்களிடம் வெறும் 10 பவுண்டு மட்டும் வாங்கிக்கொண்டு அழைத்து வந்தது. குழந்தைகளுக்கு இலவசம். இரண்டு வருஷத்துக்குள் திரும்பினால் பயணச் செலவைக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ‘டென் பவுண்ட் பாம்ஸ்’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். முன்னாள் பிரதமர் ஜூலியா கில்லார்டும் 1966ல் வேல்ஸில் இருந்து இப்படிக் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

இப்போதைய வேகத்துக்குக் காரணம், 2023 மே 31ல் அமலுக்கு வந்த இரு நாட்டு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். இதையடுத்து, ‘வொர்க்கிங் ஹாலிடே’ விசாவுக்கான வயது வரம்பு பிரிட்டிஷ்காரர்களுக்கு 30ல் இருந்து 35 ஆனது. 2024 ஜூலை 1 முதல் இந்த விசாவை அவர்கள் மூன்று முறை, அதாவது மொத்தம் மூன்று ஆண்டுகளுக்குப் பெறலாம். மற்ற நாட்டு இளைஞர்கள் பலர் இரண்டாவது விசாவுக்காகப் பண்ணை போன்ற இடங்களில் மூன்று மாதம் வேலை பார்த்தாக வேண்டும். பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது: இது தற்காலிக விசா. நிரந்தரமாகத் தங்க, திறன் சார்ந்த விசா, நிறுவன ஸ்பான்சர், துணைவர் விசா என வேறு வழிக்குத்தான் போக வேண்டும்.

மருத்துவம்: ‘மெடிகேர்’ என்பது என்ஹெச்எஸ் மாதிரியா?

பாதி மட்டும்தான். இரு நாடுகளுக்கும் மருத்துவ ஒப்பந்தம் இருப்பதால், தற்காலிக விசாவில் வரும் பிரிட்டிஷ்காரரும் மெடிகேரில் பதிவு செய்யலாம். அவசியமான சிகிச்சையை அரசு மருத்துவமனையில் பெறலாம். நிரந்தரக் குடியுரிமை விசா கிடைத்தால் முழு மெடிகேர்.

வித்தியாசம் எங்கே? பிரிட்டனில் குடும்ப டாக்டரைப் பார்க்கப் பணமே கிடையாது. ஆஸ்திரேலியாவில் ‘பல்க் பில்லிங்’ செய்யும் கிளினிக்கில் மட்டும்தான் அப்படி. மற்ற இடங்களில் மெடிகேர் தரும் தொகை போக மீதியை நம் கையில் இருந்து கட்ட வேண்டும். எனவே, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ‘பல்க் பில் செய்வீர்களா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு ஷாக், ஆம்புலன்ஸ். இதை மெடிகேர் ஏற்காது. குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலங்கள் தங்கள் குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. மற்ற மாநிலங்களில் தனிக் காப்பீடோ, ஆம்புலன்ஸ் சந்தாவோ இல்லையென்றால் பெரிய பில் வரலாம்.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

• வரி எண்: டிஎஃப்என் எனப்படும் வரி எண்ணுக்கு உடனே விண்ணப்பியுங்கள். இது இல்லாமல் சம்பளம் வாங்கினால் உச்சபட்ச விகிதத்தில் வரி பிடிக்கப்படும். நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. பிரிட்டனில் அது ஏப்ரல் 6. இடையில் மாறுபவர்கள் இரண்டு நாட்டிலும் கணக்கு காட்ட வேண்டியிருக்கும்.

• வரி விகிதம்: வொர்க்கிங் ஹாலிடே விசாவில் இருப்பவர்களுக்கு முதல் டாலரில் இருந்தே 15 சதவீத வரி உண்டு. ஆனால், சிட்னியில் வேலை பார்த்த கேத்தரின் ஆடி என்ற பிரிட்டிஷ் பெண் தொடுத்த வழக்கில், அவருக்குச் சாதகமாக ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலிய வரிச் சட்டப்படி ‘குடியிருப்பாளர்’ என்ற தகுதி இருந்தால், உள்ளூர்க்காரருக்கான விகிதமே பிரிட்டிஷ்காரருக்கும் பொருந்தும்.

• வாடகை: விளம்பரத்தில் வருவது வார வாடகை. அதை நான்கால் பெருக்கினால் மாத வாடகை வராது. வாரம் 600 டாலர் என்றால் மாதத்துக்கு 2,400 அல்ல, 2,600 டாலர். முன்பணம் பொதுவாக நான்கு வார வாடகை அளவில் இருக்கும். அது மாநில அரசின் அமைப்பில் டெபாசிட் ஆகிறதா என்று பாருங்கள்.

• வீடு வாங்குவது: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த பழைய வீடுகளை வாங்க, 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை இருக்கிறது. சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

• ஓட்டுநர் உரிமம்: பிரிட்டிஷ் லைசென்ஸை டெஸ்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், எத்தனை மாதத்துக்குள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

• வெயில்: ஆஸ்திரேலியர்களில் மூவரில் இருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு வகை தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே சன்ஸ்க்ரீன், தொப்பி அவசியம். மேகமூட்டமான நாளிலும்கூட.

சரி, பென்ஷனில் என்ன பிரச்னை?

பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் வருஷா வருஷம் ஏறும். விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துவார்கள். ‘ட்ரிபிள் லாக்’ என்பது இதுதான்.

ஆஸ்திரேலியாவில் வசிக்கும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு இந்த உயர்வு கிடையாது. முதன்முதலில் என்ன தொகை கிடைத்ததோ, அங்கே இருக்கும்வரை அதே தொகைதான். ‘ஃப்ரோஸன் பென்ஷன்’ என்று இதைச் சொல்கிறார்கள்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 2016 ஏப்ரலில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண்டு. 2025-26ல் பிரிட்டனில் இருப்பவருக்கு அது 230.25 பவுண்டு ஆனது. 2016ல் ஓய்வுபெற்று ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு அப்போதும் 155.65 பவுண்டுதான். வாரத்துக்கு 74.60 பவுண்டு இழப்பு என்றால், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 3,880 பவுண்டு. இரண்டு பேரும் ஒரே அளவு பங்களிப்பு செலுத்தியவர்களாக இருந்தாலும் நிலைமை இதுதான்.

உலகம் முழுக்க சுமார் 4.5 லட்சம் பேர் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் அதிகம் பேர் ஆஸ்திரேலியாவில். அதேநேரம் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், பிலிப்பைன்ஸில் வசிப்பவர்களுக்கு உயர்வு உண்டு. காரணம், நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம்.

ஆஸ்திரேலியா ஏன் விட்டுவைத்தது?

விட்டுவைக்கவில்லை. பிரிட்டன் இறங்கி வராததால், இரு நாட்டு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே ஆஸ்திரேலியா ரத்து செய்தது. 2001 மார்ச் 1 முதல் அந்த ஒப்பந்தம் கிடையாது. பிரிட்டிஷ் பென்ஷன் குறையக் குறைய, வருமானம் குறைவான முதியவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் இருந்து கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதாவது, பிரிட்டன் மிச்சம்பிடிக்கும் பணத்தில் ஒரு பகுதி ஆஸ்திரேலிய வரி செலுத்துவோர் தலையில் விழுகிறது.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. ஓய்வூதியர்கள் தரப்பு 2005ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையிலும், 2010ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திலும் தோற்றது. எனவே மிச்சமிருப்பது அரசியல் வழி மட்டும்தான். அதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: வெளிநாட்டில் 15 ஆண்டுகள் இருந்தால் பிரிட்டனில் ஓட்டுரிமை போய்விடும் என்ற விதி 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு முன் கிளம்பியவர்களும் இப்போது பதிவு செய்து வாக்களிக்கலாம். ஆனால், தொகுதிவாரியாகச் சிதறிக் கிடக்கும் ஓட்டுக்கு எந்தக் கட்சி பயப்படும் என்பதுதான் கேள்வி.

இப்போது கிளம்புபவர்கள் என்ன செய்யலாம்?

• பிரிட்டனில் எத்தனை வருஷப் பங்களிப்பு சேர்ந்திருக்கிறது என்று அரசு இணையதளத்தில் பாருங்கள். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 வருஷம், முழுத் தொகைக்குப் பொதுவாக 35 வருஷம் வேண்டும். விடுபட்ட வருஷத்துக்குப் பணம் கட்டும் முன், உயர்வில்லாத தொகைக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுங்கள்.

• ஆஸ்திரேலியாவில் நிறுவனம் உங்கள் பெயரில் போடும் ‘சூப்பர்’ நிதிதான் இனி பிரதான சேமிப்பு. 2025 ஜூலை 1 முதல் இது சம்பளத்தில் 12 சதவீதம். வேலை மாறும்போது பழைய கணக்கை விட்டுவிடாதீர்கள். வொர்க்கிங் ஹாலிடே விசாவில் இருந்தவர்கள் நாடு திரும்பும்போது இதை எடுத்தால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும்.

• பிரிட்டனில் உள்ள தனியார் பென்ஷனை சூப்பருக்கு மாற்றுவது 55 வயதுக்கு முன் நடைமுறையில் முடியாத காரியம். ‘மாற்றித் தருகிறோம்’ என்று போன் வந்தால் உஷார்.

• பிரிட்டனில் வாங்கிய கல்விக் கடன் கூடவே வரும். வெளிநாட்டில் சம்பாதித்தாலும் கட்ட வேண்டும்.

• ஆஸ்திரேலிய முதியோர் ஓய்வூதியத்துக்கு 67 வயதும், பொதுவாக 10 ஆண்டு வசிப்பும் தேவை. வருமானம், சொத்து இரண்டையும் பார்த்துத்தான் தருவார்கள். 60 வயதில் பிள்ளைகளோடு போய்ச் சேரும் பெற்றோர் இதை நம்பி இருக்க முடியாது.

நமக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. உயர்வு கிடைக்காத நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. பிரிட்டனில் பல வருஷம் நர்ஸாகவோ ஐடி ஊழியராகவோ வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்காலத்தைச் சென்னையில் கழிக்க நினைக்கும் தமிழருக்கும் இதே கதைதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கி, அங்கிருந்து சிட்னி, மெல்போர்ன் என்று அடுத்த கட்டத்துக்கு யோசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

விசா எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் டிக்கெட் போடுகிறோம். 67 வயதில் எந்த நாட்டில் இருப்போம், அப்போது எந்த அரசு எவ்வளவு தரும் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ள 30 வயதில் நிறைய நேரம் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு இருக்காது.