யந்திரமா வாசிக்கிறது?

பரளச்சியில் ஒரு முளைப்பாரித் திருவிழா. ஒலிபெருக்கியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. குரல் இல்லை, மெட்டு மட்டும். அதுவும் நாம் பழகிய எந்த வாத்தியத்தின் ஒலியாகவும் இல்லை. பக்கத்தில் நின்ற நாயனக்காரப் பெரியவர், "மிசினே வாசிச்சிருதப்பா, மனுசனுக்கு இனி என்ன சோலி?" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நீங்களும் இப்படி எண்ணியிருக்கலாம். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டார் என்பது என் கருத்து.

அந்த ஒலி சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியில் பிறந்தது. நாயனமும் வீணையும் வினாடிக்கு 440 அதிர்வுள்ள ஒரே சுரத்தை ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடியிருந்தாலும் எது எதுவென்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? முக்கியமான காரணம் இதுதான்: 440-உடன் 880, 1320 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. எந்த மடங்கு எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். சிந்தசைசரில் ஒரு மின்சுற்று இத்தகைய மடங்குகள் நிறைந்த அலையை உண்டாக்குகிறது. வடிகட்டிச் சுற்று ஒன்று வேண்டாதவற்றைக் குறைக்கிறது. வேண்டுவது எது, வேண்டாதது எது? அதைத் தீர்மானிப்பது குமிழைத் திருகும் கை. கையை ஏவுவது காது.

1968-இல் அமெரிக்காவின் வெண்டி கார்லோஸ், பாக்கின் இசையை மூக் சிந்தசைசரில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஒவ்வோர் இழையாக வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். யந்திரம் தானாக வாசித்த லட்சணம் இது!

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், சினிமா மெட்டுகளையும் மின்னணுக் கருவிகளில் வாசித்துப் பதிவு செய்தவர். 1982-இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதிலுள்ள பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். அவர் பயன்படுத்திய ரோலண்ட் டி.பி.303, பாஸ் கிதார்க்காரருக்குப் பதிலாக என்று செய்யப்பட்ட சிறு பெட்டி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. இராகம் வாசிக்க அது உதவும் என்று கண்டது பெட்டி அல்ல, சிங். தொகுப்பு அன்று அதிகம் விற்கவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோது, சிகாகோவில் 1987-இல் வெளிவந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் சாயல் அதில் முன்பே இருப்பதைக் கேட்டு மேல்நாட்டார் வியந்தனர்.

எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தாளம் அலுக்கிறது, வழுக்கல் எல்லாம் கமகம் ஆகிவிடாது. இருந்தாலும் அது ஒரு மனிதரின் வாசிப்பு.

அப்படியானால் பெரியவரின் பிழைப்பைக் கெடுத்தது எது? அன்று ஒலித்தது பதிவு. அதில் அசல் நாயனமே இருந்திருந்தாலும் அவருக்குக் கூலி கிடைத்திராது. ஒலிபெருக்கி போதும் என்று முடிவு செய்தது ஊர்க்கூட்டம். தலைக்கட்டு வரி கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகொரு நாள் சிங்கின் மால்கௌன்ஸைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "அந்த ஆளு காந்தாரத்த இன்னுங் கொஞ்சம் அசைச்சிருக்கலாம்ல" என்றார்.