புதுமை என்னும் பெயரில் ஓர் அலைக்கழிப்பு

தமிழ் இணையத்தளங்களை வடிவமைப்போரிடையே ஒரு தொற்றுநோய் பரவி வருகிறது. மற்றைய தளங்களைப் போல எங்கள் தளம் இருக்கக்கூடாது என்பதே அதன் முதல் அறிகுறி. பகுதிகளின் பட்டியல் மேலே எழுத்தில் தெரிந்தால் பழமை. எங்கோ ஒளிந்திருந்தால் புதுமை. தலைப்பின் கீழே திகதி இருந்தால் அழகு கெட்டுவிடுகிறதாம். அச்சுப் பத்திரிகையின் ஆயுள் குறைந்து செல்லும் இக்காலத்தில் எங்கள் எழுத்தெல்லாம் இறுதியில் போய்ச் சேரும் இடம் இந்தத் திரைதான். அங்கே வாசகர் வாசற்கதவைத் தேடி அலைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன்; பெயர் வேண்டாம். பல நாடுகளிலும் தமிழர் பார்க்கும் செய்தித்தளம் ஒன்று சில மாதங்களுக்கு முன்னர் 'புதுப்பொலிவு' பெற்றது. முகப்பை நிறைத்தபடி ஒரு படம் மெல்ல நகர்கிறது. அதன்மேல் ஆறு வட்டங்கள். எந்த வட்டத்திலும் ஒரு சொல்கூட இல்லை. எது எங்கே கொண்டுபோகும் என்பதைச் சுட்டியை அதன்மேல் வைத்தால்தான் அறியலாம். கைத்தொலைபேசியில் சுட்டிக்கு எங்கே போவது? விரல் பட்டவுடன் பக்கமே மாறிவிடுகிறது. கீழ்நோக்கி உருட்டினால் தளம் வலப்பக்கமாக ஓடுகிறது.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார்; எழுபதைக் கடந்தவர். காலையில் அவர் அத்தளத்தில் பார்ப்பது ஒன்றே ஒன்று: மரண அறிவித்தல். ஊரவர்களும் உறவினர்களும் ரொறன்ரோ, இலண்டன், சிட்னி என்று சிதறிப்போன ஒரு சமூகத்தில் அது வெறும் விளம்பரப் பகுதி ஆகாது. யார் தவறினார், கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்பவை அன்றன்றே தெரிந்தாக வேண்டிய செய்திகள். புதிய வடிவமைப்பில் அவை ஒரு பூவின் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பூவைக் கண்ட ஆசிரியை பூக்கடை விளம்பரம் என்று எண்ணி ஒதுக்கிவிட்டார். கூடப் படிப்பித்த தோழியின் இறுதிக் கிரியைக்குப் போக வேண்டியவர் எட்டுச் செலவுக்குத்தான் போனார்.

இதனைக் குறிப்பிட்டு அத்தளத்துக்கு எழுதினேன். வாசகர்கள் நாளடைவில் பழகிக்கொள்வார்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எதற்காகப் பழக வேண்டும்? பழகி முடித்த பின் அவர்களுக்குக் கிடைக்கப்போவது என்ன? முன்னர் ஒரு நொடியில் கிடைத்த அதே அறிவித்தல்தானே?

பழக்கம் என்பதை ஏதோ சோம்பேறித்தனம் போல இவர்கள் பேசுகிறார்கள். நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துக் கோப்பவர்கள் சிலர் எஞ்சியிருந்தனர். கண் கைப்பிரதியில் இருக்கும். கை தானாகவே உரிய அறைக்குப் போய் எழுத்தை எடுக்கும். ஆங்கிலத்தைவிடப் பன்மடங்கு அறைகள் கொண்ட தமிழ் எழுத்துப்பெட்டியில் அப்படி வேலை செய்வதற்கு ஒவ்வோர் எழுத்தும் நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்க வேண்டும். அழகுக்காக 'க'வையும் 'ன'வையும் இடம் மாற்றி வைத்திருந்தால் அன்று அச்சகத்தில் கைகலப்பே நடந்திருக்கும். வாசகரின் கண்ணும் அந்தக் கையைப் போன்றதுதான்.

இணையத்தளப் பயன்பாடு பற்றி நெடுங்காலம் எழுதிவரும் ஜேக்கப் நீல்சன் இதனை எளிமையாகச் சொல்லியிருக்கிறார். மனிதர்கள் தம் நேரத்தில் பெரும்பகுதியைக் கழிப்பது உங்கள் தளத்திலன்று, ஏனையோரின் தளங்களிலேயே. ஆகவே அங்கே கற்றுக்கொண்டது இங்கும் செல்லுபடியாகும் என்றே எதிர்பார்ப்பார்கள். ஃபிளாஷ் அசைபடங்களில் 99 சதவீதம் தீங்கானவை என்று 2000 ஆம் ஆண்டில் எழுதியவரும் இவரே. ஃபிளாஷின் கதை 2020 டிசெம்பர் 31 உடன் முடிந்தது. சொற்களற்ற பொத்தான்களுக்கு வின்சன்ட் ஃபிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் 1998 இலேயே 'மர்ம இறைச்சி' என்று பெயர் வைத்துவிட்டார். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எந்த விலங்கினது என்று தெரியாமல் பரிமாறப்படும் இறைச்சியைச் சொல்கிறார். மரக்கறி உண்பவனான எனக்கும் உவமை நன்றாகவே விளங்குகிறது.

பணமும் திறமையும் போதாமல் நேர்வது இது என்று யாரும் எண்ண வேண்டாம். இலண்டனில் 1999 நவம்பரில் திறக்கப்பட்ட பூ டொட் கொம் என்ற ஆடை விற்பனைத்தளம் ஏறத்தாழ 135 மில்லியன் டொலரை விழுங்கிவிட்டு 2000 மே மாதம் மூடப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு ஊதாரித்தனமும் காரணம்தான். எனினும் தொலைபேசி இணைப்பில் இணையம் ஊர்ந்த அக்காலத்தில், சப்பாத்து வாங்க வந்தவரை அசையும் படங்களுக்காகக் காத்திருக்க வைத்தது அத்தளம். மைக்ரோசொஃப்ட் 2012 இல் விண்டோஸ் 8 வெளியிட்டபோது பழகிப்போன ஸ்டார்ட் பொத்தானை அகற்றியது. எதிர்ப்புக் கிளம்பவே, அடுத்த ஆண்டே அதனைத் திரும்பக் கொண்டுவந்தது. அத்தனை பெரிய நிறுவனம் இறங்கிவந்தது. நமது தளங்களோ வாசகரைப் பழகிக்கொள்ளச் சொல்கின்றன!

தமிழ் வாசகருக்கு இந்தத் துன்பம் புதிதன்று என்பதே என் ஆத்திரத்தின் மூலம். 1990களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் ஒவ்வொரு தமிழ்த்தளமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒரு தளத்துக்குப் பாமினி, இன்னொன்றுக்கு வேறொன்று. எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவாவிட்டால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துக் குப்பை. தரவிறக்கத் தேவையில்லை என்று வந்த இயங்கு எழுத்துருக்கள் இன்ரர்நெட் எக்ஸ்புளோரரைத் தாண்டி வேலை செய்யவில்லை. யுனிகோடில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றிருந்தும் தளங்கள் அதற்கு மாற ஆண்டுகள் பல சென்றன. இலங்கையில் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமம் வந்தது 2008 இல். எல்லோரும் ஒரே வழக்கத்துக்கு வந்த பிறகுதான் தமிழில் தேடவும் வெட்டி ஒட்டவும் பாட்டியும் பேரனும் ஒரே பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது. ஆம், யுனிகோடும் ஒரு காலத்தில் புதுமையே. அது வாசகரின் சுமையை இறக்கி வைத்த புதுமை. இன்று 'அழகான எழுத்து' வேண்டுமென்று தலைப்புகளை மீண்டும் படங்களாக ஏற்றுகிறார்கள். தேடுபொறி அதனைக் கண்டுகொள்ளாது. பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருள் அவ்விடத்தில் ஊமையாகிவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் களனி கங்கை பெருக்கெடுத்தபோது களனியில் இருந்த நாங்கள் வண்ணத் தளங்களைத் தேடவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழகு என்று சொல்ல அதில் எதுவுமில்லை. பொடி எழுத்து, ஆங்கிலம், நாகலகம் வீதி அளவுகோல் அடியிலும் ஹங்வெல்லை, கிளன்கோர்ஸ் ஆகியவை மீற்றரிலும் இருக்கும் விசித்திரம் வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வரிசை. எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம், இப்போதைய மட்டம், ஏறுகிறதா இறங்குகிறதா. ஒருமுறை பார்க்கக் கற்றவர் நள்ளிரவில், மின்சாரம் இல்லாத வீட்டில், கைத்தொலைபேசியின் கடைசி மின்னூட்டத்தில் பார்த்தாலும் கண் நேரே உரிய கட்டத்துக்குப் போய்விடும். அந்த அட்டவணைக்குத் தேவையானது தமிழும் சிங்களமும் சற்றுப் பெரிய எழுத்தும் மட்டுமே. யாராவது அதனை நவீனப்படுத்துகிறேன் என்று புறப்பட்டு, அசையும் வரைபடத்தில் நீலக் குமிழிகளாக மாற்றிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

அந்த நாட்களில் எங்கள் வீதி இளைஞர் ஒருவர் புதிய அட்டவணை வரும்போதெல்லாம் அதிலுள்ள இலக்கங்களை இரு மொழிகளிலும் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். இடம், நேரம், அளவு, ஏறுகிறது அல்லது இறங்குகிறது. நான்கு வரி. மேல்மாடிக்குப் பொருட்களை ஏற்றுவதா, வீட்டை விட்டே வெளியேறுவதா என்பதை அதைப் பார்த்துத்தான் அயலவர்கள் தீர்மானித்தார்கள்.