சிறந்த சென்டர் யார்? தீர்ப்பில் நீதி வேண்டும்

கூடைப்பந்தாட்டத்தைப் பின்தொடரும் நம் இளைஞர்களிடையே ஓயாது நடைபெறும் விவாதம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் இதுவரை ஆடிய சென்டர்களுள் எவர் தலைசிறந்தவர் என்பதே அது. கூடைக்கு அண்மையில் நின்று எதிரணி எறியும் பந்தைத் தடுப்பதும், குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதும், மிக அருகிலிருந்து புள்ளி சேர்ப்பதும் சென்டரின் பணி. பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லின், கரீம் அப்துல் ஜப்பார், ஹகீம் ஒலாஜுவான், ஷகீல் ஓ'நீல் ஆகிய ஐவரின் பெயர்களும் இவ்விவாதத்தில் தவறாது இடம்பெறும். அண்மைக்காலமாக நிகோலா யோகிச்சின் பெயரும் அவற்றுடன் சேர்ந்துள்ளது.

இவர்களுள் கரீமும் ஹகீமும் இஸ்லாத்தைப் பகிரங்கமாகப் பேணி வாழ்ந்தவர்கள். எனவே நம்மவர் பலர் ஆராயாமலேயே இவ்விருவருள் ஒருவருக்கு மகுடம் சூட்டிவிடுகின்றனர். அந்த அன்பு இயல்பானது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆயினும் ஒருவரை மற்றவரினும் சிறந்தவர் என்று உரைப்பது ஒரு வகைச் சாட்சியமாகும். சாட்சியம் கூறும்போது உறவும் பாசமும் நீதிக்குக் குறுக்கே வரலாகாது என்பது அந்நிஸா அத்தியாயம் நமக்குப் புகட்டும் பாடம். விளையாட்டுதானே என்று சிறு காரியத்தில் தராசைச் சாய்க்கப் பழகிய கை, நாளை பாகப்பிரிவினையிலும் ஜமாஅத் வழக்கிலும் அதனை நேராகப் பிடிக்கும் என்று எவ்வாறு நம்புவது?

ஆகவே நேர்மையுடன் எடைபோடுவோம். ரஸ்ஸல், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஆடிய 13 பருவங்களில் 11 முறை கோப்பையை வென்றார். இறுதி இரு வெற்றிகளின்போது அவரே அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் லீகில் 8 அணிகளே இருந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் 11 என்னும் எண்ணை எவராலும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சேம்பர்லின் 1961-62 பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். எனினும் கோப்பை அவருக்கு இருமுறைதான் வாய்த்தது. ஓ'நீல் 2000 முதல் 2002 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார்.

ஹகீமுக்காக வாதிடுவோர் முதலில் எடுத்துரைப்பது அவர் தடுத்த 3,830 பந்துகளை. என்.பி.ஏ. ஏடுகளில் அதுவே உச்ச எண்ணிக்கை. ஆனால் தடுப்புகளை லீக் அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். அதற்குள் ரஸ்ஸலும் சேம்பர்லினும் லீகில் ஆடி முடித்துவிட்டனர். அவர்கள் தடுத்த பந்துகளுக்கு முழுமையான கணக்கே இல்லாதபோது, இவ்வெண்ணை மட்டும் காட்டி அவர்களைத் தாழ்த்துவது நீதியாகாது. ஒரு தரப்பின் கணக்கேட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு வழங்கும் காழியை நாம் ஏற்போமா?

கரீமின் வாதம் வலுவானது. 20 பருவங்கள், 6 கோப்பைகள், பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது 6 முறை. இவ்விருதை அத்தனை முறை பெற்றவர் வேறெவருமில்லை. அவர் குவித்த 38,387 புள்ளிகளை 2023 பிப்ரவரியில்தான் லெப்ரான் ஜேம்ஸ் கடந்தார். 1971-ல் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய அவர், 14 ஆண்டுகள் கழித்து, 38-ஆம் வயதில் மீண்டும் அதே சிறப்பைப் பெற்றார். பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கையை உயர்த்தி வளைத்தெறியும் அவருடைய ஸ்கைஹூக், முதுமையிலும் அவருக்குத் துணைநின்றது. உச்சத்தையும் நீடிப்பையும் ஒருங்கே நோக்கினால், முதலிடம் கரீமுக்கே உரியது என்பது நம் தீர்ப்பு. இரண்டாமிடம் ரஸ்ஸலுக்கு.

நம் உள்ளத்திற்கு மிக நெருங்கியவர் ஹகீம். ஒரே பருவத்தில், 1993-94-ல், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிய மூன்று சிறப்புகளையும் பெற்ற ஒரே சென்டர் அவர். மறு ஆண்டு இறுதித் தொடரில் ஓ'நீலின் அணியை நான்குக்குப் பூஜ்ஜியம் எனத் தோற்கடித்த அணியும் அவருடையதே. ஆயினும் அவர் வென்ற கோப்பைகள் இரண்டு. பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒன்று. முதல் இரண்டு இடங்களில் அவரை வைக்க நீதி இடந்தரவில்லை.

இதனால் ஹகீமுக்கு இழப்பு ஏதுமில்லை. 1995 பிப்ரவரி ஏறக்குறைய முழுவதும் ரமழானாக அமைந்தது. நோன்பு நோற்றவராகவே களமிறங்கினார். பகலில் நடந்த ஆட்டங்களில் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் ஆடினார். அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராக லீக் அவரையே அறிவித்தது. ஏழைத் தாய்மார்கள் விலையுயர்ந்த காலணிகளுக்காகத் துன்புறுவதை எண்ணி, குறைந்த விலைக் காலணிக்கே தம் பெயரை வழங்கினார். கரீமோ, தம் மூதாதையரை அடிமைப்படுத்தியவரின் பெயராகிய அல்சிண்டர் என்பதைத் துறந்து, புகழின் உச்சியில் நின்றபோதே, 1971-ல், முஸ்லிம் பெயரைப் பகிரங்கமாக ஏற்றார். அதன் பொருட்டு எழுந்த வெறுப்பையும் தாங்கினார்.

இவை எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இடம்பெறாதவை. தேர்வுக்காலம் என்றும் பயிற்சி நேரம் என்றும் காரணம் கூறி நோன்பையும் தொழுகையையும் ஒத்திவைக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்விருவரிடமும் கற்பதற்கு நிறைய உண்டு. அவர்களை முதலிடத்தில் அமர்த்தினால்தான் அப்பாடம் செல்லும் என்பதில்லை.

எனவே இளைஞர்களே, விவாதியுங்கள், தடையில்லை. எதிர்த்தரப்பின் கணக்கையும் முழுமையாகக் கேளுங்கள். ரஸ்ஸலின் சிறப்பை மனமார ஒப்புக்கொண்ட பின்னர் கரீமுக்காக வாதிடுங்கள். பாங்கொலி கேட்டதும் விவாதத்தை அவ்விடத்திலேயே நிறுத்தி எழுந்து செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் சிறிதிலும் பெரிதிலும் நீதியுடன் பேசுவோராக ஆக்குவானாக. ஆமீன்.