பழைய புரோகிராமைப் படிப்பது மட்டமான வேலையா?

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது பழைய புரோகிராமைப் பராமரிக்கும் பொறுப்பு வந்தால் போதும், முகம் வாடிவிடுகிறது. "யாரோ எப்போதோ எழுதியதைப் படிப்பதும் ஒரு வேலையா?" என்கிறார்கள். ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்ற நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வரைபடம் தொலைந்துபோன பழைய பாலத்தைப் பலப்படுத்த வேண்டுமென்றால், முதலில் டேப் பிடித்து அங்குலம் அங்குலமாக அளந்து, உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும். பாரக் கணக்கெல்லாம் அப்புறம்தான். பழைய புரோகிராமும் அப்படித்தான்.

1959-ல் உருவாகத் தொடங்கிய கோபால் (நம்மூர் கோபால் அல்ல, கம்ப்யூட்டர் மொழி!) இன்னும் பல வங்கிகளில் உழைக்கிறது. அதில் 'டேட்டா டிவிஷன்' என்ற பகுதியைப் பார்த்தால் எந்த விவரத்துக்கு எத்தனை இலக்கம் என்று தெரியும், பொருள் தெரியாது. கணக்கு வகை '3' என்றால் என்ன? '3' வரும்போது புரோகிராம் என்ன செய்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு ஃபைலில் உள்ள எண்ணைக் கொண்டு இன்னொரு ஃபைலைத் தேடினால், இரண்டுக்கும் உறவு உண்டு என்று அர்த்தம். இப்படித் துப்புத் துலக்கித்தான் தகவல்களின் வரைபடத்தை மீட்க முடியும்.

இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியதால், 2000 பிறக்குமுன் உலகமே பழைய புரோகிராம்களைத் துருவியது. நம் நாட்டு இளைஞர் பலருக்கு வெளிநாட்டுக் கதவைத் திறந்துவிட்டது அந்த வேலைதான். 2020 ஏப்ரலில், வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்தவர்களின் உதவியைக் கேட்டார்.

ஓர் இலக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு விவரங்களைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றினால், எங்கோ ஒரு அம்மாளின் குடும்பப் பென்ஷன் நின்றுபோகும். இது விளையாட்டல்ல.

இன்று செயற்கை நுண்ணறிவே பழைய புரோகிராமைப் படித்து விளக்குகிறது. ஆயினும் புரோகிராமில் இருப்பது 'என்ன செய்கிறது' என்பதுதான். 'ஏன்' என்பது அநேகமாக அந்தக் காலத்துக் குமாஸ்தாவின் தலையில் இருக்கும். பிள்ளைகளே, அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள், சீக்கிரமாக. நிர்வாகிகளே, வரைபடம் கையில் வருமுன் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.