‘இல்லை’ என்று எழுதுங்கள்

வல்லாரையிலிருந்து ஏதாவது ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் முப்பரிமாண வடிவம் இணையத்தில் இலவசம். ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளும் இலவசம். இரண்டையும் அதில் போட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஓர் எண் வரும். −9.2 என்று வைத்துக்கொள்வோம். அல்சைமர் நோயாளிகள் சாப்பிடும் டோனெபெசிலுக்கு −8.8 வந்ததா? முடிந்தது கதை. டோனெபெசிலைவிட நல்ல மருந்து கிடைத்தாயிற்று, ஆய்வுக் கட்டுரையும் தயார். நம் கல்லூரிகளிலிருந்து இந்த வார்ப்பில் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனாகச் சொல்கிறேன்: இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, பட்டன் அமுக்குவது.

அந்த எண்ணின் அலகு கிலோகலோரி. கணிப்பில் சுமார் 2.8 வரை பிழை இருக்கும் என்று வினாவை உருவாக்கியவர்களே 2010இல் எழுதிவிட்டார்கள். 1.4 மாறினாலே ஒட்டும் வலு பத்து மடங்கு மாறிவிடும். அப்புறம் அந்த 0.4 முன்னிலைக்கு என்ன மதிப்பு?

‘கணினி விளையாட்டுதானே, யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்கலாம். காரைக்கால் தலத்தெருவில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சில வருடமாக நினைவு தேய்ந்துகொண்டு வருகிறது. இப்படி ஒரு கட்டுரை செய்தியாகி, வாட்ஸப்பில் சுற்றி, அண்ணன் கைக்கு வந்துவிட்டது. “டேய், படிச்சவன் நீ சொல்லு. வல்லாரையை அரைச்சுக் குடுத்துட்டு மாத்திரைய நிறுத்திடலாமா?” “நிறுத்தாதீங்கண்ணே, டாக்டரைக் கேளுங்க” என்றேன். கேட்க ஆள் இல்லாத வீடுகளில் என்ன நடந்திருக்கும்?

ஒழுங்காகச் செய்த வேலையே தோற்கும் துறை இது. மூளையில் அமிலாய்டு உருவாகக் காரணமான பேஸ்1 நொதியின் வடிவம் 2000இல் தெரியவந்தது. அந்த வடிவத்தை வைத்து மெர்க் நிறுவனம் வெருபெசெஸ்டாட்டை வடிவமைத்தது. மருந்து மூளைக்குள் போனது, நொதியைத் தடுத்தது, அமிலாய்டும் குறைந்தது. நோய் மட்டும் நிற்கவில்லை. 2017இல் ஒரு சோதனையையும் 2018இல் இன்னொன்றையும் நிறுத்தினார்கள். இரண்டாவதில் மருந்து எடுத்தவர்கள் சில அளவீடுகளில் வெற்று மாத்திரைக்காரர்களைவிட மோசமானார்கள். கணினி சரியாகத்தான் வேலை செய்தது. அந்தப் பூட்டைத் திறந்தால் நோய் தீருமா என்பது அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியே இல்லை.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட வேலைகளில் ஒன்று நம்மூருடையது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற தூரக் கணக்கை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியாது என்று அது சொன்னது. இன்றும் உலகம் புரத வடிவங்களை அதை வைத்துத்தான் சரிபார்க்கிறது. ‘இங்கே முடியாது’ என்று துணிந்து சொன்னதுதான் அதன் பலம். நம் கட்டுரைகளுக்கு ‘ஆம்’ மட்டும்தான் வருகிறது.

“ஆய்வகத்துக்குக் காசு இல்லை சார்” என்பார்கள். இந்த நொதிக்கு அந்தச் சாக்கு செல்லாது. எல்மன் 1961இலேயே வழி கொடுத்துவிட்டார்: நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும், தடைபட்டால் மஞ்சள் குறையும். அளக்க ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போதும். பட்டியலில் முதல் ஐந்து மூலக்கூறுகளையாவது அதில் போட்டுப் பாருங்கள். ஐந்திலும் மஞ்சள் குறையவில்லை என்றால் அதையே எழுதுங்கள். அந்தக் கட்டுரையை அண்ணனுக்கு நானே அனுப்புகிறேன்.