சிக்னலில் நின்றால் கார் அணைகிறதா?

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கும், ஆர்.பி.எம். முள் ஏறி இறங்கும், ஏ.சி.யைப் போட்டதும் இன்ஜின் அணைந்துவிடும். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. ‘பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும்’, ‘ஃபில்டர் அடைத்திருக்கும்’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால், அதிகச் செலவில்லாமல் முதலில் பார்த்துவிடக்கூடியது மின்சாரப் பக்கத்தைத்தான்.

ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்றுதான் சுற்றும். தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளும் அளவுக்கே அப்போது அதற்குப் பலம் இருக்கும். ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றுவதால் மின்சாரமும் குறைவாகவே கிடைக்கும். வேகத்தில் மறைந்துகிடந்த சின்னக் கோளாறுகூட இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். மூன்று சிலிண்டர் கார்களில் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் நடுக்கம் இன்னும் அதிகம்.

எப்படி அணைகிறது?

இதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். திணறித் திணறி அணைந்தால் பெட்ரோல் அல்லது காற்று வரும் வழியில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் வயரையோ, ரிலேயையோ, சென்சாரையோ சந்தேகிக்கலாம். சூடானதும் அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். மழையிலும் ஈரத்திலும் மட்டும் ‘மிஸ்ஸிங்’ வந்தால் இக்னிஷன் காயிலின் ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கலாம்.

பேட்டரியும் எர்த்தும்

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் மாட்ட வேண்டும். மாட்டியபின் கொஞ்ச நேரம் ஐடிலிங் சீராக இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சில கார்களில் கம்ப்யூட்டர் தன் அளவுகளைத் திரும்பப் பழகிக்கொள்ளும் நேரம் அது.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும். சில புதிய கார்களில் இது கொஞ்சம் மாறும். ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டதும் 12.5-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும். அடுத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினின் வெறும் உலோகப் பகுதிக்கும் இடையே அளந்து பாருங்கள். ஹெட்லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில்தான் கோளாறு.

எலிகளையும் மறக்க வேண்டாம். பானட்டுக்குள் புகுந்து வயரைக் கடிப்பது நம் ஊரில் சகஜம். பாதி அறுந்த வயர், வண்டி அதிரும்போது தொட்டும் விட்டும் ஆட்டம் காட்டும்.

ஸ்கேனர் சொல்வது தீர்ப்பு அல்ல

ஸ்கேனரில் ‘பி0301’ என்று வந்தால், முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். காயிலை மாற்று என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள கார்களில், இன்ஜினை அணைத்துவிட்டு முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். கோடு ‘பி0302’ என்று மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் பிளக், வயர், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். இந்தச் சின்ன சோதனை, தேவையில்லாமல் ஒரு பாகம் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

செய்யவே கூடாதவை

ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவது பழைய பழக்கம். இன்றைய கார்களில் அப்போது பாயும் அதிக வோல்ட்டேஜ் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும். ஓடும் இன்ஜினில் காயிலை உருவுவதும் ஆபத்து. அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.

கார் ஓடும்போதே அணைந்துவிட்டால், ஸ்டீயரிங் கனமாகும். பிரேக்கும் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். சாவியை எடுத்துவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்று சிக்னலில் அணையும் வண்டி நாளை ரயில்வே கேட்டைக் கடக்கும்போதும் அணையலாம். ‘திரும்ப ஸ்டார்ட் ஆகிறதே’ என்று வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பாமல், முதலில் பானட்டைத் திறந்து பார்ப்பதே நல்லது.