தறிக்கூலியும் துணி விலையும்

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் நூலைக் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்ளும் முறையில், கூலியைத் தீர்மானிப்பவர் நெய்பவர் அல்லர். இது மாறக்கூடியதே என்பதற்குச் சென்னையின் ‘துலா’ சான்று. பருத்தி விளைவிப்பவர், நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், தைப்பவர் என எல்லோருக்கும் நியாயமான ஊதியத்தை முதலில் வைத்து, அதன்மேல்தான் ஆடையின் விலையைக் கட்டுகிறது அந்தச் சிறு நிறுவனம்.

அந்த விலை ஏழைக்கு எட்டாது என்பார்கள். உண்மைதான், கூலிக்காரரிடம் கூடுதல் விலை கேட்பது நியாயமும் அல்ல. அந்தக் கூடுதல் விலையைத் தரும் பொறுப்பு வசதியுள்ளவர்களுக்கும், அவர்களைவிட அதிகமாக, 1983 முதல் இலவச வேட்டி சேலைக்காகத் தறிகளுக்கு வேலை தரும் அரசுக்கும் உரியது. நூல் விலையைப் பார்த்துக் கொள்முதல் விலையைத் திருத்தும்போது தறிக்கூலியையும் திருத்தலாம். பொங்கலுக்கு வேட்டி ரேஷன் கடைக்கு வருமுன், அதற்கான கூலி நெய்தவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.